சுருட்டிய செய்தித்தாள்

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில், மூடிக்கிடந்த தையற்கடையின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு தெருநாய் ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. கார்த்திகை கழிந்து தை பிறந்தபோது அவற்றில் ஒன்றே எஞ்சியது. இரண்டு குட்டிகள் வண்டிச் சக்கரங்களில் அகப்பட்டன. ஒன்று பனிக்கால இரவொன்றில் விறைத்துப்போனது. மற்றொன்றை யாரோ பள்ளிச் சிறுவர்கள் தூக்கிச் சென்றனர். அதன் பிறகு அதைக் கண்டவர் இல்லை.

இது அந்தச் சந்துக்கு மட்டும் உரிய கதையன்று. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மேற்கு வங்கத்துத் தெருநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளுள் 19 விழுக்காடே இனப்பெருக்க வயதை எட்டின. பதிவான இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதரே காரணம். எஞ்சிய அந்த ஒரு குட்டியை எதிர்வீட்டு அம்மையார் தம் பழைய கம்பளிச் சால்வையில் சுற்றி மாடிக்கு எடுத்துச் சென்றபோது அவருக்கு இக்கணக்கு எதுவும் தெரியாது. அதன் தாய் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரியும்.

அம்மையாரின் கணவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தந்தையின் காலத்திலேயே தஞ்சைப் பகுதியிலிருந்து கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். 36 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர். அவர் நடந்துவரும் ஓசை கேட்டாலே தாழ்வாரம் அமைதியாகிவிடும் என்று இன்றும் பெருமையோடு கூறிக்கொள்வார். வீட்டு வேலைக்குக் கேனிங் ரயிலில் நாள்தோறும் வந்துபோகும் பெண்மணி அக்குட்டிக்குப் புலு என்று பெயரிட்டார். வங்காளத் தெருக்களில் எந்தச் சந்திலும் ஒரு புலு உண்டு. பிழை என்பதற்கான வங்காளச் சொல்லோடு ஒலியில் நெருங்கிய அந்தப் பெயரை ஆசிரியர் மிகவும் ரசித்தார். பிழைகளைத் திருத்துவதுதானே தம் தொழில் என்றார்.

திருத்தும் பணி முதல் நாளிலேயே தொடங்கியது. எட்டு வாரக் குட்டி கூடத்தின் நடுவே சிறுநீர் கழித்தது. ஆசிரியர் அதன் பிடரியைப் பிடித்து ஈரத்தருகே மூக்கைக் கொண்டுசென்று, சுருட்டிய ஆங்கிலச் செய்தித்தாளால் பின்புறத்தில் ஓர் அடி கொடுத்தார். வலிக்கும் அடியன்று, ஓசைக்கான அடி. மறுநாள் காலை அவர் எழுந்து வந்தபோது கூடத்தில் மீண்டும் ஈரம். குட்டி காதுகளைப் பின்னுக்கு மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே செருகி, பார்வையை வேறுபுறம் திருப்பிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. "பார், செய்தது தவறு என்று அதற்கே தெரிகிறது. தெரிந்தே செய்கிறது" என்று மனைவியிடம் கூறினார். அன்றைய செய்தித்தாளும் சுருட்டப்பட்டது.

நாய் வளர்க்கும் வீடுகள் பலவற்றில் ஒலிக்கும் வாக்கியம் இது. நியூயார்க்கைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் இதையே சோதனைக்கு உட்படுத்தி 2009இல் முடிவுகளை வெளியிட்டார். 14 நாய்கள் அதில் பங்கேற்றன. தின்னக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு, தின்பண்டத்தை எதிரே வைத்து உரிமையாளர் வெளியேறுவார். அவர் திரும்பி வரும்போது, நாய் அதைத் தின்றது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். சில வேளைகளில் அது வேண்டுமென்றே சொல்லப்பட்ட பொய். விளைவு தெளிவாக இருந்தது. நாயின் குற்றவாளி முகம் அது தின்றதா இல்லையா என்பதைச் சார்ந்திருக்கவில்லை. உரிமையாளர் கடிந்துகொண்டாரா இல்லையா என்பதையே சார்ந்திருந்தது. எதையும் தின்னாமல் பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளாகித் திட்டு வாங்கிய நாய்களிடம் அம்முகம் இன்னும் அழுத்தமாகத் தோன்றியது. குற்ற உணர்வு என்று மனிதர் படிப்பது, எதிரே நிற்பவரின் சினத்தைத் தணிக்க அந்த உயிர் செய்யும் வேண்டுகோள்.

புலுவுக்கும் அதுவே நேர்ந்தது. இரவில் கழித்த சிறுநீரையும் காலையில் விழுந்த அடியையும் இணைத்துப் பார்க்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே சில நொடிகளுக்கு மேல் கடந்துவிட்டால் நாய்க்கு அவை இரண்டும் தொடர்பற்றவை. ஆனால் அது எதையும் கற்கவில்லை என்று கூற முடியாது. கூடத்தில் ஈரம் இருக்கும்போது ஆசிரியர் வந்தால் ஆபத்து என்று கற்றது. எனவே பத்தே நாட்களில் கூடத்தை விட்டுவிட்டு, இரும்பு அலமாரிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடுக்கில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்த ஆசிரியர், குட்டி தந்திரமும் பழகிவிட்டது என்றார்.

அதே வேளையில் அம்மையாரும் தம் பங்குக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். உணவு மேசையருகே புலு வந்து முனகினால், மூன்று முறை விரட்டிவிட்டு நான்காம் முறை ஓர் இட்லித் துண்டைக் கீழே நழுவவிடுவார். சில நாட்களில் இரண்டாம் முறையே நழுவும். சில நாட்களில் ஏழு முறை முனக வேண்டியிருக்கும். எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாத பரிசே ஒரு பழக்கத்தை மிக உறுதியாக வேரூன்றச் செய்யும் என்பதை பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு விரிவாக நிறுவியிருக்கிறார். லாட்டரிச் சீட்டு வாங்குபவரை மீண்டும் மீண்டும் கடைக்கு வரவழைப்பதும் அதுவே. தினமும் கொடுத்திருந்தால் நிறுத்திய சில நாட்களில் புலு முனகலைக் கைவிட்டிருக்கலாம். எப்போதாவது கொடுத்ததால் அது மனந்தளராத விண்ணப்பதாரராக வளர்ந்தது.

மொழியிலும் குழப்பம் இருந்தது. ஆசிரியர் "வா" என்பார். அம்மையார் "இங்க வாடா கண்ணா" என்பார். வேலைக்கு வரும் பெண்மணி "ஆய், ஆய்" என்று வங்காளியில் அழைப்பார். மூன்றில் எதற்கு வர வேண்டும் என்று தெரியாத குட்டி எதற்கும் வராமல் இருந்தது. சொல்பேச்சு கேளாமை என்பது அதற்கு வைக்கப்பட்ட மூன்றாவது குற்றச்சாட்டு.

மாத இறுதியில் நிலைமை மோசமாகியது. ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாலே, எந்தத் தவறும் செய்யாத வேளையிலும், புலு தரையோடு படிந்து அங்கேயே சிறுநீர் கழித்துவிடும். அடங்கிப்போவதை அறிவிக்க நாய்க்குட்டிகள் செய்யும் இயல்பான செய்கை அது. தாயின் முன்னும் பெரிய நாய்களின் முன்னும் அவ்வாறே செய்யும். ஆசிரியருக்கு அது நேரடி அவமதிப்பாகத் தோன்றியது. அன்று அவர் செய்தித்தாளைக் கையிலெடுத்தபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி தலை நிமிராமலே சொன்னார்:

"மாஸ்டர்மோஷாய், அது திமிரால் செய்யவில்லை. என் மகனும் பள்ளியில் இப்படித்தான் நிற்பான். ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும், கால்சட்டை நனைந்துவிடும். பிறகு அதற்கும் அடி விழும். ஆறாவதோடு அவன் போகவில்லை."

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. வாளியைத் தள்ளிக்கொண்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஆசிரியர் செய்தித்தாளைக் கையில் வைத்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றிரவு மனைவியிடம், பல ஆண்டுகளுக்கு முன் தம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுவனைப் பற்றிக் கூறினார். பின்னங்களில் தடுமாறுவான். கரும்பலகைக்கு அழைத்தால் உதடுகள் நடுங்க, பார்வையை வேறுபுறம் திருப்பிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பான். வீட்டுப்பாடம் செய்யாததன் குற்ற உணர்வு அது என்றே 36 ஆண்டுகளும் தாம் நம்பிவந்ததாகச் சொன்னார். அச்சிறுவனின் முகம் நினைவில் இருந்தது, பெயர் வரவில்லை.

மாணவரை உடலளவில் தண்டிப்பதைக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்தது 2009இல். அப்போது ஆசிரியர் ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்தன. பிரம்பை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டாரே தவிர, அதன் மீதான நம்பிக்கையை அவர் அப்போது கைவிடவில்லை.

மறுநாள் அவர் ஒரு கோடிட்ட குறிப்பேட்டை எடுத்தார். கணித ஆசிரியருக்குத் தெரிந்த வழி அதுதான். புலு உறங்கிய நேரம், விழித்த நேரம், உண்ட நேரம், சிறுநீர் கழித்த நேரம் என நான்கு பத்திகள். நான்கு நாட்களில் குற்றவாளியின் இடத்தில் ஒரு கால அட்டவணை தென்பட்டது. விழித்தவுடன் ஒருமுறை, உண்ட சிறிது நேரத்தில் ஒருமுறை, ஓடியாடிய பின் ஒருமுறை. எட்டு, பத்து வாரக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள இயலுவது அரிது. அதன் சிறுநீர்ப்பை அவ்வளவுதான். அதில் பிடிவாதத்துக்கு இடமில்லை. இதுவரை தண்டிக்கப்பட்டது புலுவின் வயது.

அதன்பின் முறை எளிதாகிவிட்டது. குட்டி கண் விழித்ததும் அதைப் பின்கட்டின் திறந்த முற்றத்துக்கு அழைத்துச் செல்வது. அது வேலையை முடித்த கணமே மென்குரலில் பாராட்டி ஒரு சிட்டிகை முரி கொடுப்பது. கொல்கத்தாவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் அந்த அரிசிப்பொரி, வயிற்றை நிரப்பாத நல்ல பரிசு. வீட்டுக்குள் தவறு நேர்ந்தால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிடுவது. வெறும் தண்ணீரால் துடைத்தால் மனித மூக்குக்கு மணம் போய்விடும். நாயின் மூக்குக்கு அந்த இடம் கழிவறை என்னும் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும். எனவே நீர் கலந்த வினிகரால் நன்றாகத் துடைத்தார்கள். அழைப்புக்கு "ஆய்" என்னும் ஒரே சொல்லை மூவரும் ஏற்றார்கள். தெருவில் அது முதலில் கேட்ட மொழி அதுவே என்பதால். தமிழ் வீட்டில் அச்சொல்லுக்குக் குழந்தைகள் கொள்ளும் பொருளை எண்ணி அம்மையார் இரண்டு நாட்கள் சிரித்தார். இட்லித் துண்டு மேசையிலிருந்து நழுவுவது நின்றது. அதற்குப் பதிலாகக் குட்டி தன் விரிப்பில் அமைதியாகப் படுத்திருக்கும்போது அங்கேயே சென்று கொடுக்கப்பட்டது.

அண்டை வீட்டார் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. நாய் ஓநாயின் வழித்தோன்றல், கூட்டத்தின் தலைவன் யார் என்பதை முதலிலேயே காட்டிவிட வேண்டும், மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றார். உலகெங்கும் பரவிய இந்த அறிவுரைக்கு வேர், ருடால்ஃப் ஷென்கெல் பாசல் விலங்குக்காட்சிச்சாலையின் ஓநாய்களைக் கண்டு 1947இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஒரே அடைப்புக்குள் விடப்பட்டு விலகிச் செல்ல வழியற்ற ஓநாய்கள் அவை. அக்கருத்தை 1970இல் தம் நூலின் வழியே பரப்பிய டேவிட் மீச், பின்னர் காட்டு ஓநாய்களை நேரில் பல ஆண்டுகள் கவனித்து, இயற்கையான ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் குட்டிகளும் அடங்கிய குடும்பமே என்று 1999இல் எழுதினார். தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்றும் பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். தாம் எழுதியதைத் தாமே திருத்திய அந்த அறிஞரைப் பற்றி அறிந்தபோது, ஆசிரியருக்கு ஓநாய்களைவிட மீச்சின் மீதே மதிப்பு மிகுந்தது.

இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நாய்க்குட்டியின் வாழ்வில் ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையிலான காலம் மீண்டும் வாராதது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில் நடந்து, 1961இல் வெளியான ஆய்வொன்றில், மனிதரையே காணாமல் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டால் காட்டு விலங்குகள் போலவே மிரண்டன. அக்காலத்தில் அச்சமின்றிச் சந்தித்தவை வாழ்நாள் முழுவதும் பழகியவையாகவும், சந்திக்காதவை ஐயத்துக்கு உரியவையாகவும் நின்றுவிடுகின்றன. ஆனால் தடுப்பூசித் தொடர் முடிவதற்குள் குட்டியைத் தெருத்தரையில் விட்டால் பார்வோ போன்ற நோய்த்தொற்று நேரலாம். இரண்டுக்கும் நடுவே ஆசிரியர் கண்ட வழி, காய்கறி வாங்கும் சணல் பை. நாள்தோறும் காலையில், அப்பையில் தலை மட்டும் வெளியே தெரியப் புலுவைச் சுமந்துகொண்டு லேக் மார்க்கெட்டைச் சுற்றி வந்தார். வாழையிலைக் கட்டுகள், மீன்காரரின் அரிவாள்மணை, ஆட்டோ ஒலிப்பான், பள்ளிக் குழந்தைகள், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், சரஸ்வதி பூசைப் பந்தலின் தாக் முழக்கம், மாலையில் வீடுகளில் எழும் சங்கொலி எல்லாம் தொலைவிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை முரியோடு அறிமுகமாயின. குட்டி நடுங்கினால் பின்வாங்கி நடப்பார். யாரையும் பின்வாங்க அனுமதிக்காத ஒரு வகுப்பறையை நடத்தியவருக்கு அது புதிய பாடம்.

பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு சோதனை வந்தது. விளையாட்டு மிகுதியில் புலு வேலைப் பெண்மணியின் கையைக் கவ்வியது. பால்பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. மெல்லிய கீறல்தான். அப்பெண்மணி சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்றார். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்த பின்பே போடப்படும் என்பதால் புலுவுக்கு அது இன்னும் போடப்பட்டிருக்கவில்லை. தெருவில் பிறந்த குட்டி. அதன் தாயை யார் கடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பது எளிது. ஆசிரியர் அவரைக் குழாயடிக்கு அழைத்து, ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்தார். பிறகு அரசு மருத்துவமனைக்குத் தாமே உடன் சென்றார். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் எனக் குறிக்கப்பட்ட தவணைகள் நான்குக்கும் அவர் வரிசையில் நின்றார். அந்நாட்களின் கூலியும் பிடிக்கப்படவில்லை. அந்த வரிசையில் நின்றபோதுதான், இரண்டு ஆண்டுகளாகத் தம் வீட்டுக்கு வருபவரிடம் மகனின் பெயரை முதன்முறையாகக் கேட்டார். அவன் இப்போது சோனார்பூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான்; கணக்கு நன்றாக வரும், ஆனால் யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் கை நின்றுவிடும் என்றார் தாய்.

கவ்வும் பழக்கத்துக்கும் அடி தேவைப்படவில்லை. பல் தோலில் பட்டதும் விளையாட்டு நின்றுவிடும், அனைவரும் எழுந்துவிடுவர். சிறிது நேரம் கழித்து முறுக்கிய சணல் கயிறு ஒன்று கவ்வுவதற்குத் தரப்படும். பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் வரை எதையாவது கடித்தே ஆக வேண்டிய ஈறு அது. எதைக் கடிப்பது என்று காட்டுவது மட்டுமே மனிதர் செய்யக்கூடியது. போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரில் 92 நாய்களைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வு, தண்டனையால் பயிற்றப்பட்ட நாய்களின் உமிழ்நீரில், பயிற்சிக்குப் பின் உளைச்சலைக் காட்டும் கார்ட்டிசால் உயர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் ஒளிந்த புலுவைக் கண்டவர்களுக்கு அந்த அளவீடு வியப்பளிக்காது.

இப்போது புலுவுக்கு ஏழு மாதம். கூடம் காய்ந்தே இருக்கிறது. "ஆய்" என்றால் மாடிப்படியின் எந்தக் கோடியிலிருந்தும் பாய்ந்து வருகிறது. முரி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆசிரியர் மார்பில் கை வைத்து வருடினால் போதும். அறிமுகமற்ற மனிதரிடம் நம்பிக்கை கொள்ளத் தெருநாய்களுக்கு உணவைவிட அன்பான தொடுகை மிகுதியாக உதவுகிறது என்று அதே கொல்கத்தா ஆய்வாளர்கள் 2017இல் காட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் வெயில் விழும்போது தாய்நாய் கீழே சந்தில் படுத்திருக்கும். புலு கம்பிகளுக்கிடையே மூக்கை நீட்டி அதைப் பார்க்கும். தாய்க்கும் கருத்தடை செய்து தடுப்பூசி போட ஆசிரியர் ஏற்பாடு செய்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம், ஒன்றைத் தவிர. முதல் இரண்டு வாரங்களில் கற்பிக்கப்பட்டதும் அழியவில்லை. காலையில் நாளிதழ் கதவடியில் விழும் ஓசை கேட்டால் புலு இன்றும் எழுந்து, ஓரடி பின்னுக்குச் சென்று நின்றுகொள்ளும். பிறகு ஆசிரியரின் கைகளைப் பார்க்கும்.

அதனால் அவர் நாளிதழைக் கையில் பிடித்துப் படிப்பதை விட்டுவிட்டார். தரையில் பாய் விரித்து, தாளை மடிப்பின்றி அகல விரித்து வைத்து, குனிந்து படிக்கிறார். முழங்கால் வலிக்கிறது என்று அம்மையார் கடிந்துகொண்டும் மாற்றவில்லை. நான்காம் பக்கம் வருவதற்குள் புலு மெல்ல அருகே வந்து, தாளின் ஓரத்தில் ஒரு காலை வைத்துப் பார்க்கும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு அடுத்த காலையும் வைக்கும்.